சொல்லட்டையா, படம் பார்க்கும் அட்டையா?

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து, பவர்பாயின்ட்டில் செய்த சொல்லட்டைகள் ஆசிரியர் குழுக்களில் நிறையவே சுற்றுகின்றன. திண்டுக்கல் பக்கத்து ஆசிரிய நண்பர்கள் அனுப்பியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன. அவர்கள் உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி: இந்த அட்டையில் குழந்தை எதைப் படிக்கிறது?

அட்டையில் முக்கால்வாசி இடம் படத்துக்கு. கீழே சின்னதாக 'பூட்டு' என்ற சொல். நம்ம ஊர்ப் பிள்ளைக்குப் பூட்டு தெரியாதா என்ன? பார்த்ததும் சொல்லிவிடுகிறது, நாமும் கைதட்டிவிடுகிறோம். படத்துக்குக் கீழே 'சாவி' என்று எழுதி வைத்தாலும் அது 'பூட்டு' என்றுதான் சொல்லும். பிறகு படமில்லாத பத்தி வரும்போது திணறுகிறது. அப்போது "இவனுக்குப் படிப்பு ஏறலை" என்று பழி பிள்ளை மேல் விழுகிறது. தப்பு அட்டையில்.

படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பின்பக்கம் இருக்கட்டும். முதலில் சொல்லைப் படித்துவிட்டு, சரியா என்று பிள்ளையே திருப்பிப் பார்க்கட்டும்.

இதற்கு வழி எளிது. பவர்பாயின்ட்டில் 'ஏ4' என்று தேர்ந்தெடுத்தால் கிடைப்பது 27.5 × 19 செ.மீ. தான், உண்மையான ஏ4 அளவு இல்லை. அகலம் 21, உயரம் 29.7 என்று நாமே கொடுக்க வேண்டும். ஸ்லைடு மாஸ்டரில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு பட்டைகள். அதில் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டால் ஸ்லைடில் மாற்ற முடியாது. பிளேஸ்ஹோல்டர்தான் போட வேண்டும். நீளப் பக்கம் திருப்பி இருபக்கமும் அச்சிட்டால், ஒரே வரிசை என்பதால் படம் அந்தந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே விழும். தாள் மட்டும் கெட்டியாக இருக்கணும்.

அடுத்து, மறுபயன்பாடு. லேமினேட் செய்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அட்டை கிழியாது, சரி; சொல்லை மாற்ற முடியுமா? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளை தன் வேகத்தில் போக இடம் கொடுத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அச்சாகி வந்த அட்டையில் ஆசிரியர் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. இன்று பவர்பாயின்ட் கையில் இருந்தும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அதே கதைதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, மூலக் கோப்பையே அனுப்புங்கள்.

அப்படி அனுப்பினால் நிலக்கோட்டை டீச்சர் 'மல்லி' போடுவார், ஒட்டன்சத்திரத்தில் 'தக்காளி' வரும், சின்னாளபட்டியில் 'தறி' வரும். இன்னொரு லாபமும் உண்டு. 'பூட்டு' இருக்கிற ஸ்லைடை நகலெடுத்து முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் பாட்டு, பட்டு, கட்டு, காட்டு, தட்டு, மூட்டு. குறிலும் நெடிலும் அடுத்தடுத்து வரும்போது, பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் தப்பிக்கவே முடியாது. 'மூட்டு'க்குப் படம் தேடி அலையவும் வேண்டாம்.

அட்டை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பிள்ளையிடம் நீட்டுங்கள்.