இலக்கிய வட்டங்களும் புதிதாய் வருகிறவனும்

இலக்கிய வட்டத்துக்குப் புதிதாக ஒருவன் வந்தால் அவனை என்ன செய்வது என்பதை நம் சிறுபத்திரிகைச் சூழல் ஒரு விமர்சனப் பிரச்னையாக எடுத்துக்கொண்டதில்லை. உபசாரப் பிரச்னையாகவே நினைத்து வந்திருக்கிறது. நாற்காலி இழுத்துப் போடுகிறோம். டீ வாங்கிக் கொடுக்கிறோம். ஊர் பேர் விசாரிக்கிறோம். அதற்குமேல் அவன் பாடு. எனக்கு இது மதிப்பீடு சம்பந்தமான விஷயமாகப் படுகிறது. ஒரு வட்டம் தான் எதை நல்லதென்கிறது, ஏன் நல்லதென்கிறது என்று தனக்கே தெளிவாக அறிந்திருக்கிறதா என்பது, அதன் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் தெரிவதில்லை. அங்கே பாதி வார்த்தையிலேயே தலையாட்டல் கிடைத்துவிடும். பாதி வார்த்தை போதாத ஒருவன் எதிரே வந்து உட்காரும்போதுதான் தெரியவரும்.

இந்தப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டம். ஊரும் பேரும் வேண்டாம். ஒன்பது பேர் இருந்தோம். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்த, மில் தொழிலாளி ஒருவரின் மகன் பத்தாவதாக வந்திருந்தான். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேச்சு. 'படிமம்' என்ற சொல் பத்துத் தடவையாவது வந்திருக்கும். 'படிமம்னா என்ன அண்ணாச்சி?' என்று கேட்டான். 'எழுத்து' பழைய இதழ்களைப் படித்துவிட்டு வரும்படி பதில் வந்தது. அவை எங்கே கிடைக்கும் என்று சொல்லப்படவில்லை. அடுத்த மாதம் அவன் வரவில்லை.

அவன் வராமற்போனது நஷ்டம்தான். ஆனால் அந்த ஒன்பது பேரும் ஆளுக்கொரு தாளில் படிமம் என்றால் என்னவென்று எழுதியிருந்தால் எத்தனை பதில்கள் ஒத்துப்போயிருக்கும் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி. சிலருக்கு அது உவமை. சிலருக்கு வெறும் காட்சி. மற்றவர்களுக்கு 'நன்றாயிருக்கிறது' என்பதற்கு ஒரு மாற்றுச் சொல். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவன் அன்று அவன் ஒருவனே. 'முதலில் படித்துவிட்டு வா' என்ற பதிலில் வெளிப்பட்டது அவன் அறியாமை; மறைக்கப்பட்டது நம் நிச்சயமின்மை.

இதற்கு நேரெதிராக இன்னொரு வழியும் இருக்கிறது. புதியவனுக்காக எல்லாவற்றையும் கரைத்துக் கொடுப்பது. கவிதையைக் கருத்தாகவும் நாவலைக் கதைச் சுருக்கமாகவும் மாற்றி ஊட்டிவிடுவது. மேடைப் பேச்சாளர்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள். அதில் வருகிறவன் நாவலுக்குள் போவதில்லை. பேச்சாளரின் ரசிகனாகித் திரும்புகிறான். விரட்டுவதும் ஊட்டுவதும் ஒரே காரியத்தைத்தான் தவிர்க்கின்றன: ஒரு படைப்பின் முன்னால் அவனோடு உட்கார்ந்து, இந்த வரியில் இது நடக்கிறது என்று காட்டுவதை.

நம் மரபு இதைப் பற்றி யோசிக்காமல் இருக்கவில்லை. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல், எழுத்திலக்கணத்துக்குள் போகுமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன், மாணாக்கன், பாடம் சொல்லல், பாடம் கேட்டல் என்று வகுத்துக்கொள்கிறது. அதில் நாம் நினைவில் வைத்திருப்பது மாணாக்கர் தரப் பட்டியலை மட்டும்தான். அன்னமும் பசுவும் மேல். மண்ணும் கிளியும் நடு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை. வருகிறவன் எருமையா ஆடா என்று முகத்தைப் பார்த்தே தீர்மானிக்கிற வித்தை நம் வட்டங்களுக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது. அதே பாயிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசான் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கற்றது கால் பங்குதான். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது.

கணக்குப் பார்த்துப் பிழைக்கிற எனக்கு இந்த ஐந்தொகை முக்கியமாகப் படுகிறது. இதன்படி, புதியவனுக்கு விளக்குவது தர்ம கைங்கரியம் அல்ல. விளக்குகிறவன் தன் பாதியை வரவு வைத்துக்கொள்வது. இருபது வருஷமாகத் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிற ஒரு வட்டம் அதிகபட்சம் அரைப் புலமையில் நின்றுவிட்ட வட்டம்.

தாமிரவருணிக் கரையில் இதைச் சோதித்துப் பார்த்த ஒரு முன்மாதிரி உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி. அங்கே உள்ளே வர இலக்கணப் பரிச்சயம் கேட்கப்படவில்லை. கம்பனிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, ஓசையையும் உணர்ச்சியையும் கேட்பவன் காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வழி. பண்டிதர்களின் உரைநூல்களுக்கு வெளியே நின்றிருந்த வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கம்பனிடம் போனது அந்த வழியாகத்தான். பாஸ்கரத் தொண்டைமானையும் நீதிபதி எஸ். மகராஜனையும் நினைத்துக்கொண்டால் போதும். புதியவனைக் கொண்டுவந்து ஒரு பாட்டின் முன்னால் நிறுத்துவதில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த வழி ஒரு இடத்தில் நின்றுவிட்டது. டி.கே.சி. கம்பன் பாடல்களில் பலவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார், சிலவற்றைத் திருத்தினார். எந்த அளவுகோலால் என்று கேட்டால் கடைசியில் கிடைக்கும் பதில் ரசனை. அந்த ரசனை அவருடையது. வந்தவன் அனுபவிக்கக் கற்றுக்கொண்டான். மறுத்துப் பேசக் கற்றுக்கொண்டானா என்பது சந்தேகம். வாசல் திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு ஆசனம்.

அடுத்த முன்மாதிரி சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'. 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்ட பத்திரிகை புதியவர்களுக்காக நடந்தது என்று சொன்னால் முரணாகத் தோன்றும். ஆனால் நடந்தது அதுதான். திருகோணமலையில் இருபது வயதையொட்டியிருந்த தருமு சிவராமுவும், வடக்கே அரசாங்க உத்தியோகத்திலிருந்த வெங்கட் சாமிநாதனும் தபாலில்தான் உள்ளே வந்தார்கள். சிபார்சு தேவைப்படவில்லை. செல்லப்பா தரத்தைத் தாழ்த்தவில்லை; புதுக்கவிதையை வரிவரியாக அலசிக் காட்டுகிற சலிப்பான வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். 1962-ல் 24 பேரின் 63 கவிதைகளைப் 'புதுக்குரல்க'ளாகத் தொகுத்தபோதும், பின்னால் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனபோதும் அவர் செய்தது ஒரே காரியம்தான். முக்கியமாக, அங்கே புதியவன் ஆசிரியரையே மறுத்து எழுத முடிந்தது. வட்டத்தொட்டியில் இல்லாத இரண்டாவது ஆசனம் இது.

பிறகு வந்த நாம் 'எழுத்'தின் கறார்த்தன்மையை எடுத்துக்கொண்டோம். அலசிக் காட்டுகிற உழைப்பை விட்டுவிட்டோம். தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததை எழுதுவதே விமர்சனம் என்று ஆயிற்று. சண்டைகளைக்கூட, அவை எப்போது யாரால் எதற்காகத் தொடங்கின என்று சொல்லாமலேயே தொடர்ந்து போடுகிறோம். புதிதாக வருகிறவனுக்கு அது அடுத்த வீட்டுச் சொத்துத் தகராறு மாதிரிதான் கேட்கும்.

நோக்கம் நல்லதாக இருந்தால் போதும், ஏற்பாடுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறவர்களுக்கு, பாபநாசத்திலிருந்து எழுதுகிற நான் ஒன்றை ஞாபகப்படுத்தலாம். வ.வே.சு. ஐயர் 1925-ல் இறந்தது இங்குள்ள அருவியில்தான். விழுந்துவிட்ட மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய். ஆற்றோடு கீழே போனால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டிச் சேரன்மாதேவி. அங்கேதான் அவர் 1922-ல் குருகுலம் தொடங்கினார். கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதிய விமர்சகர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, தேசத்துக்குப் புதிய தலைமுறையை உருவாக்க நினைத்தவர். ஆனால் அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள்; தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது. ஐயரின் உள்ளத்தைப் பற்றி எத்தனை நல்லது சொன்னாலும், புதிதாக வந்த பையன் கண்ட உண்மை பந்திதான்.

இலக்கியத்திலும் பந்தி இருக்கிறது. யாருடைய கவிதைக்கு அரை மணி நேரம், யாருடையதற்கு 'நல்ல முயற்சி' என்ற இரண்டு சொல். யார் சொன்னால் கருத்து, யார் சொன்னால் சந்தேகம் என்பதெல்லாம் பந்தி விசாரணைதான். இதைச் சரிசெய்யப் பெரிய ஸ்தாபனம் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் பேசப்போகிற கவிதை வருகிறவன் கைக்கு முன்னதாகவே போய்ச் சேரட்டும். ஒரு கலைச்சொல்லைப் பயன்படுத்துகிறவர் கேட்டவுடன் ஒரு வரியைத் தொட்டுக் காட்டத் தயாராக இருக்கட்டும். பழைய சர்ச்சையை எடுக்கிறவர் அதன் பூர்வோத்தரத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். வந்தவன் முதல் நாளே மறுத்துப் பேசினால், அவன் வயதுக்குப் பதில் சொல்லாமல் அவன் மறுப்புக்குப் பதில் சொல்வோம்.

இவையெல்லாம் தரத்தைக் குலைத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். இந்த வருஷம் நாம் பாராட்டிய கவிதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த வட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவனுக்கு, எந்த வரி ஏன் நல்லது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பார்ப்பது. எழுத முடியாமற்போகிறவற்றைத் தனியாக எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு அந்தக் கவிதைகள் எவ்வளவு காரணம், நம் பரஸ்பர நட்பு எவ்வளவு காரணம் என்பதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும்.