500 ரூபாய் ஆபீஸ்

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு திரும்பி, ஆரோவில் பக்கம் போனால் இரும்பை. மாகாளேஸ்வரர் கோயிலுக்குச் சிலர் போயிருப்பீர்கள். சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தர் மனம் நொந்து பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்ததாம். செப்புத் தகட்டால் இணைத்து வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் தரிசனம் முடித்துவிட்டு நண்பர் வீட்டுக்குக் காபி சாப்பிடப் போனபோது, எந்தத் தகட்டாலும் ஒட்டவைக்க முடியாத ஒரு உடைசலைப் பார்த்தேன்.

நண்பரின் மருமகள் ஊர் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எத்தனை தவணை கட்டினார் என்று மூன்று வருஷக் கணக்கும் எக்ஸெல்லில். ஒருநாள் காலை பார்த்தால் எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் வாயில் நுழையாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே டாலரில் பணம் கேட்டு ஒரு கடிதம்.

“நான் ஒண்ணுமே தொடலை சார். ஆபீஸ் ஆக்டிவேட் பண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருந்துது. தம்பி கொடுத்த பென்டிரைவ்ல ஒண்ணு இருந்துது, ஒரு தடவை ஓட்டினேன். அவ்ளோதான்.”

தம்பி என்றால் சொந்தத் தம்பி இல்லை. திண்டிவனத்திலிருந்து பைக்கில் வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பையன். 500 ரூபாய்க்கு விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போட்டுத் தருவார். உங்கள் தெருவிலும் ஒரு தம்பி இருப்பார்.

அந்தப் பென்டிரைவ் சமாசாரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். ஆயிரம் கம்ப்யூட்டர் உள்ள பெரிய கம்பெனியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக சாவி எண் கொடுக்க முடியாது. அதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. கம்பெனிக்குள்ளேயே ஒரு சர்வர் உட்கார்ந்து எல்லா மிஷினுக்கும் அனுமதி கொடுக்கும். 180 நாளுக்குள் அதனிடம் மறுபடி தலைகாட்ட வேண்டும். திருட்டு ‘ஆக்டிவேட்டர்’ உங்கள் மிஷினுக்குள்ளேயே புகுந்து ‘நான்தான் அந்த சர்வர்’ என்று புளுகுகிறது. இரும்பை வீட்டு லேப்டாப் தன்னைப் பன்னாட்டுக் கம்பெனியின் ஊழியன் என்று நம்பிவிடுகிறது. இதை ஓட்டுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடச் சொல்வார்கள். கூர்க்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசல் கதவைத் திறந்து வைப்பது போலத்தான். 2021-இல் பிரபலமான ஒரு ஆக்டிவேட்டரின் பெயரில் கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பாட் உலவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘ஸ்டாப்’ வகையறா பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகளில் தொற்றிக்கொண்டுதான் வீடுகளுக்குள் வருகிறது.

“போலீஸ் பிடிக்குமா?” என்றார் நண்பர். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்தில் வந்த 63பி என்று ஒரு பிரிவு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளை உபயோகித்தால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ இல்லையென்றால், நீதிபதி காரணத்தை எழுதிவைத்து, சிறை இல்லாமல் 50,000-க்கு மிகாத அபராதத்தோடு விட்டுவிடலாம். சட்டத்துக்கே வீட்டு உபயோகிப்பாளர் மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது.

விற்கிறவர்களுக்கு அந்த இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது, ஆனால் ரகசியமாக. கம்பெனி மொத்த லைசென்ஸ் வாங்கியிருந்தால் அதன் ஊழியர்கள் சுமார் 10 டாலருக்கு முழு ஆபீஸை வீட்டுக்கு வாங்கிக்கொள்ளும் திட்டம் பல வருஷம் நடந்தது. 2019-இல் அதைச் சந்தா தள்ளுபடியாக மாற்றிவிட்டார்கள். ஆபீஸ் 2007-இன் ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ பதிப்பை ஒன்று வாங்கினால் வீட்டில் 3 கம்ப்யூட்டரில் போடலாம். அதே 2007-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 680 டாலர் ‘அல்டிமேட்’ பதிப்பை 60 டாலருக்குக் கொடுத்தார்கள். திட்டத்தின் பெயர் ‘தி அல்டிமேட் ஸ்டீல்’. அவர்கள் ஊரில் ஸ்டீல் என்றால் அடிமாட்டு விலை என்றும் ஒரு அர்த்தம் உண்டு. (நம் ஊரில் ஒரே அர்த்தம்தான்.) இந்தச் சலுகைகளில் ஒன்றையாவது யாராவது உங்களிடம் சொன்னார்களா? எனக்குத் தெரிந்த ஐ.டி. பையன்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பத்து டாலர் கதவு ஆபீஸ் அடையாள அட்டைக்குத்தான் திறந்தது. மகளிர் குழுவிடம் ஏது அடையாள அட்டை?

விலை அதிகம், அதனால் திருடுகிறோம் என்பது நம் வழக்கமான சமாதானம். அப்படியானால் விலையே இல்லாததை ஏன் நாம் எடுத்துக்கொள்ளவில்லை? 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் விழா எடுத்து ஒரு தமிழ் மென்பொருள் சிடி வெளியிட்டது. எழுத்துருக்கள், தமிழில் பேசும் ஓப்பன் ஆபீஸ், பிரௌசர், எல்லாம் இலவசம். சி-டாக் 2007-இல் பாஸ் லினக்ஸ் கொடுத்தது. 2011-இல் ஆரம்பித்த தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. நான் பார்த்த மாணவர்கள் வீட்டுக்குப் போனதும் செய்த முதல் காரியம் இரண்டையும் அழித்துவிட்டுத் திருட்டு ‘விண்டோஸ் 7 அல்டிமேட்’ போட்டது. (அரசு தந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. தலைவர் படம் வைக்க முடியாத கம்ப்யூட்டரைத் தமிழன் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வான்?)

அழித்ததில் மைக்ரோசாஃப்ட்டுக்குப் பெரிய நஷ்டமில்லை. 1998-இல் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடப் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிப் போவார்கள், பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் சொன்னார். 1976-இல் திருட்டுப் பிரதி எடுத்தவர்களைத் திட்டிப் பகிரங்கக் கடிதம் எழுதிய அதே மனிதர். இந்தியாவில் 2017-இல் உபயோகத்தில் இருந்த மென்பொருளில் 56 சதவிகிதம் லைசென்ஸ் இல்லாதது என்று விற்பனையாளர்கள் சங்கமான பி.எஸ்.ஏ. கணக்குச் சொன்னது. அந்தச் சதவிகிதத்தில் வருகிற அத்தனை பேருக்கும் எக்ஸெல் பழகிவிட்டதே, அது லாபக் கணக்கில் வராதா?

நஷ்டம் அந்தத் தமிழ் ஓப்பன் ஆபீஸுக்கு. அதை யாரும் உபயோகிக்கவில்லை, அதனால் யாரும் குறை சொல்லவில்லை, அதனால் யாரும் திருத்தவில்லை. மெனுவில் இருந்த சில தமிழ்ச் சொற்கள் தமிழாசிரியர்களுக்கே புரியாமல் இருந்தன. நாலு லட்சம் பேர் முணுமுணுத்திருந்தால் மாற்றியிருப்பார்கள். அரசும் விழா எடுத்ததோடு சரி. சிடியைக் கொடுத்தார்கள், தம்பியைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் கழற்றி, பிரின்டர் ஓடுகிறதா என்று பார்த்து, “இதுல சேவ் பண்ணுங்கக்கா” என்று காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். திருட்டு சிடிக்கு மட்டும் அந்த ஆள் கிடைத்தார். நாம் கொடுத்த 500 மென்பொருளுக்கு என்றா நினைக்கிறீர்கள்?

ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-இல் பிரிந்த லிப்ரே ஆபீஸ் இன்றும் இலவசம், தமிழ் மெனுவும் உண்டு. மகளிர் குழுக் கணக்குக்குத் தாராளம். சிக்கலான மேக்ரோக்கள் தகராறு செய்யும், வேர்டு ஃபைலில் சில சமயம் வரி இடம் மாறும். மைக்ரோசாஃப்ட்டின் ஆபீஸையே பிரௌசரில் ஒரு கணக்குத் திறந்து காசில்லாமல் உபயோகிக்கலாம். கல்லூரி மின்னஞ்சல் உள்ள மாணவர்களுக்குத் தனியாக இலவசம் உண்டு. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ‘ஆயுட்கால’ சாவி விற்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை.

இரும்பையில், நல்ல வேளையாக, தவணைகளைக் குழுவின் பாஸ்புத்தகங்களிலும் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து மருமகள் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு பெண்களின் புத்தகம் மழையில் நனைந்துபோய், அவர்கள் சொல்கிற தொகைக்கும் இவர் ஞாபகத்துக்கும் 4,000 ரூபாய் உதைக்கிறது. அதில் ஒருத்தர் அவருடன் பேசுவதில்லை.

கிளம்பும்போது தம்பியே வந்துவிட்டார். பாவம், முகம் வாடியிருந்தது. லிப்ரே ஆபீஸ் போடத் தெரியுமா என்றேன்.

“தெரியும் சார். ஃப்ரீதானே.”

“எவ்வளவு வாங்குவீங்க?”

“அதுக்கும் 500தான் சார்.”