மூத்த காதுகளுக்கு ஒரு சஞ்சிகை

வயது ஏறினால் மனிதர் இசை வாங்குவதை நிறுத்திவிடுவர் என்று இசைத்தொழில் நெடுங்காலம் நம்பி வந்தது. பாட்டு இளைஞர் சமாசாரம். கலியாணம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று வந்தபிறகு ஆட்கள் பழைய பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பார்கள், கடைப்பக்கம் வரமாட்டார்கள் என்பது அதன் கணக்கு. கணக்குப் பிழை என்பது 1980களில் இறுவட்டு வந்தபோது தெரிந்தது. வீட்டில் கீறல் விழுந்து கிடந்த இசைத்தட்டுகளையே மறுபடியும் இறுவட்டாக வாங்க, கையில் காசுள்ள நடுவயதினர் வந்து நின்றார்கள். வாங்குபவர் இருந்தால் அவரைக் கடைக்கு அழைத்துவர ஒரு சஞ்சிகையும் வேண்டுமல்லவா?

பிரித்தானியாவில் 1986இல் 'கியூ' வந்தது இந்த வேளையில்தான். அதைத் தொடக்கிய மார்க் எலன், டேவிட் ஹெப்வேர்த் இருவரும் அதற்கு முன் பதின்வயதினருக்கான 'ஸ்மாஷ் ஹிற்ஸ்' சஞ்சிகையில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். 1993இல் 'மோஜோ'வும் 1997இல் 'அன்கட்'டும் வந்தன. 2003இல் எலனும் ஹெப்வேர்த்தும் மறுபடி சேர்ந்து 'த வேர்ட்' என்றொன்றைத் தொடக்கினார்கள். அந்த நாட்களில் ஹெப்வேர்த் 'ஐம்பது பவுண் மனிதர்' என்று ஒருவரைப் பற்றிப் பேசினார்: வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு கடைக்குள் நுழைந்து, ஐம்பது பவுணுக்கு இறுவட்டும் படமும் புத்தகமும் அள்ளிக்கொண்டு, வீட்டில் என்ன சாட்டுச் சொல்வது என்று யோசித்தபடி வெளியே வருபவர். அதே 2003இல் அமெரிக்காவில் அலன் லைற் இதே ஆளை மனதில் வைத்து 'ட்ராக்ஸ்' என்ற சஞ்சிகையை நடத்தினார். 'ட்ராக்ஸ்' 2005இலும், 'த வேர்ட்' 2012இலும், 'கியூ' 2020இலும் நின்றுபோயின. 'மோஜோ'வும் 'அன்கட்'டும் உயிரோடிருக்கின்றன.

இவ்வளவு சஞ்சிகைகள் விழுந்ததை வைத்து, மூத்த ரசிகருக்குச் சஞ்சிகை தேவையில்லை என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 'த வேர்ட்' மூடப்பட்டபோது நடத்தியவர்கள் வாசகரைக் குறைசொல்லவில்லை. சஞ்சிகைத் தொழிலும் இசைத்தொழிலும் தலைகீழாக மாறிவிட்டதையே சொன்னார்கள். இறுவட்டு விற்பனை சரிய, அதை விற்பதற்கான விளம்பரமும் சரிந்தது. விளம்பரத்தில் சாய்ந்து நின்ற சஞ்சிகைகள் விழுந்தன. ஐம்பது பவுண் மனிதரைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் பார்த்தது அவருடைய பணப்பையை. அவருக்குக் காதும் நினைவும் இருப்பது இரண்டாவதாகத்தான் கணக்கில் வந்தது.

'மோஜோ' நின்றுபிடித்ததற்கு அதன் உள்ளடக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பாட்டு எந்தக் கலையகத்தில் பதிவாயிற்று, யார் வாசித்தார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை, எது கைவிடப்பட்டது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறது. வாசகரிடம் அந்த இசைத்தட்டு ஏற்கெனவே இருக்கிறது; கட்டுரையை வாசித்தபின் அதை எடுத்து மறுபடி கேட்கிறார். ஆனால் இதற்கும் ஒரு நோய் உண்டு. முதல் இதழின் அட்டையில் பொப் டிலனும் ஜோன் லெனனும் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தலைமுறை முகங்களே முறைவைத்து வருகின்றன. மூத்த வாசகருக்குப் புதிதாக எதையும் கேட்க முடியாது என்ற அவநம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. ரொறொன்ரோவில் 1958இல் ஜோன் நொறிஸ் தொடக்கிய 'கோடா' என்ற ஜாஸ் சஞ்சிகை இந்த நோய்க்கு அதிகம் ஆட்படவில்லை. அது எந்த வயதினரையும் குறிவைக்கவில்லை, ஜாஸைக் குறிவைத்தது. வாசகர்கள் அதனோடு சேர்ந்து வயதானார்கள். 2009 வரை, அரை நூற்றாண்டு, அது நின்றது.

எங்கள் பக்கம் வருவோம். கர்நாடக இசையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1983 ஒக்டோபரில் சென்னையில் என். பட்டாபிராமன் தொடக்கிய 'ஸ்ருதி'யைத்தான் சொல்கிறேன். முதிய வித்துவான்களிடம் நீண்ட செவ்விகள் எடுத்து, அவர்கள் போவதற்கு முன் வாழ்க்கையைப் பதிந்து, சபாக்களின் குறைகளையும் எழுதியது அது. 2002இல் பட்டாபிராமன் மறைந்த பின்னும் இதழ் தொடர்ந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் வந்தது. தஞ்சாவூரிலோ அளவெட்டியிலோ இருக்கும் ஒரு நாதஸ்வரக்காரரின் வீட்டில், அவரைப் பற்றி எழுதியதை அவர் மனைவி வாசிக்க முடியாது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரே வெளியில் நிற்கும் ஒரு சஞ்சிகை எவ்வளவு நல்லதாயினும் அரைவாசிதான்.

தமிழில் தனி இசைச் சஞ்சிகை நிலைக்காததற்கு ஒரு காரணம், இசை ஏற்கெனவே மற்ற ஏடுகளுக்குள் குடியிருந்ததுதான். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய கச்சேரி விமர்சனங்களை, கச்சேரிக்கே போகாதவர்களும் வாசித்தார்கள். பின்னால் சுப்புடுவின் எழுத்தும் அப்படித்தான். திட்டு வாங்கியவர் யார் என்று பார்ப்பதற்கே வாங்கியவர்கள் உண்டு. அகில இந்திய வானொலிக்கு 'வானொலி' என்ற இதழ் இருந்தது. சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் பாட்டின் சொற்களோடு எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் சில சதங்களுக்குத் தந்தது. இவற்றில் ஒன்றும் 'முதியோருக்கு' என்று வரவில்லை. வீட்டில் யார் எடுத்தாலும் அவருக்கு அதில் ஒரு பக்கம் இருந்தது.

எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய இசைச் சஞ்சிகையாக இருந்தது இலங்கை வானொலி என்பேன். 'பொங்கும் பூம்புனல்' கேட்டு எழும்பியவர்களுக்கு இது விளங்கும். படம், பாடியவர், இயற்றியவர் எல்லாம் அறிவிப்பாளர் வாயால் வந்து மனப்பாடமாகியது. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன் ஊர் ஊராகப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. தபாலட்டை போட்டவர்களில் பெண்கள் எத்தனை பேர்! அடுப்படியில் நின்றபடி தன் பெயரையும் ஊரையும் வானலையில் கேட்ட ஒரு பெண், அந்தப் பாட்டின் சொந்தக்காரி ஆகிவிடுகிறாள். ஐம்பது பவுண் மனிதர் என்ற கற்பனையில் இவளுக்கு இடமே இல்லை.

இந்தப் பெண் இன்று எங்கே இருக்கிறாள்? யூனியனிலிருந்து புறப்படும் ஸ்ரௌவ்வில் ரயில் அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில், மார்க்கம், மவுன்ற் ஜோய் என்று தரித்து ஸ்ரௌவ்வில் போய்ச் சேர்கிறது. ரொறொன்ரோத் தமிழர் வீடு மாறிய வரலாறும் ஏறத்தாழ அந்தத் தரிப்புகளின் ஒழுங்கில்தான் நடந்தது: ஸ்காபரோ அடுக்குமாடி, பிறகு மார்க்கம் வீடு, பிறகு இன்னும் வடக்கே ஸ்ரௌவ்வில். வீடு பெருத்தது, நடந்துபோகக்கூடிய தமிழ்க் கடை தூரமாயிற்று. ஸ்காபரோவில் அம்மா தானே பஸ் ஏறிப்போய் மரக்கறியோடு ஒரு பழைய பாட்டுக் கசெற்றும் வாங்கிவந்தார். ஸ்ரௌவ்வில்லில் மகன் காரில் கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. இப்போது வாங்கவும் கடை இல்லை. யங் வீதியின் புகழ்பெற்ற 'சாம் த ரெக்கோர்ட் மான்' 2007இல் மூடப்பட்டது, எச்.எம்.வி. கடைகள் 2017இல் போயின. தமிழ்க் கசெற்றுக் கடைகள் புடைவைக் கடைகளாகவும் பணம் அனுப்பும் இடங்களாகவும் மாறிவிட்டன.

ஆகவே 'மூத்த இசை நுகர்வோர்' என்று மேற்கில் சொல்வதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. அங்கே காசும் நினைவும் ஒரே ஆளிடம் இருந்தன. எங்களிடம் அவை இரண்டு ஆட்களிடம் இருக்கின்றன. காசு வைத்திருப்பவர் ஐம்பது வயதில் வேலைக்கு ஓடும் மகனோ மகளோ. நினைவு வைத்திருப்பவர் மேல் அறையில், கைத்தொலைபேசியில் யூரியூப் போட்டுக்கொண்டிருக்கும் எண்பது வயதுத் தாயோ தகப்பனோ. இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் சந்திக்க வைக்காத எந்தச் சஞ்சிகையும் இங்கே இரண்டு இதழ் தாண்டாது.

'யூரியூப்பில் எல்லாம் இருக்கிறதே, சஞ்சிகை எதற்கு?' என்பது நியாயமான கேள்வி. பாட்டு இருக்கிறது, பாட்டைப் பற்றிய அறிவு உதிர்ந்துகொண்டிருக்கிறது. கசெற்றுக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 'கண்ணதாசன் ஹிற்ஸ்' என்று அட்டை போட்டால், உடுமலை நாராயணகவியும் மருதகாசியும் கு. மா. பாலசுப்பிரமணியமும் எழுதியவை அதற்குள் கரைந்துவிடும். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தது 1965இல். அதற்கு முன் இருவர் பெயரிலும் வந்த பாட்டுகள் இன்று பல இடங்களில் ஒருவர் பெயரில் மட்டும் ஓடுகின்றன. இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பலருக்குப் பெயரே புதிது. தமிழ்நாட்டில் வாமனன் 'திரை இசை அலைகள்' என்று தொகுதி தொகுதியாக எழுதி இந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்திருக்கிறார். அந்தப் புத்தகங்களைத் தேடி வாசிப்பவர்கள் யார் என்று பார்த்தால், மூத்த வாசகருக்கு வாசிக்கும் பசி இல்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

சினிமாப் பாட்டுக்காவது ஒரு வாமனன் உண்டு. எங்கள் ஊர் இசைக்கு? 1960களின் இறுதியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் கொண்டுவந்த தமிழ்ப் பொப்பிசைக்கு ஒழுங்கான இசைத்தட்டுப் பட்டியல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பகுதி 'சுராங்கனி'யோடு நின்றுவிட்டது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் இறந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஓர் ஆவணப்படம் எடுத்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின். அதுவும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எடுத்தது. அவருடைய தனியாவர்த்தனத்தைக் கோயில் வீதியில் விடியவிடிய இருந்து கேட்டவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். எவரும் போய்க் கேட்பதில்லை.

அவர்களிடம் கசெற்றுகளும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து ரெக்கோடிங் பாரில் துண்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்துப் பதிவித்தவை. திருவிழா மேளத்தை யாரோ ஒலிவாங்கிக்கு அருகில் பிடித்தவை. மின்சாரமும் பற்றரியும் இல்லாத 1990களின் முற்பகுதியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்டவை. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் எத்தனையோ வீட்டில் விடப்பட்டன. கொண்டுவரப்பட்ட சிலவும் நாடா ஒட்டிப்போய், பெட்டியில் எழுதிய மை மங்கி, ஸ்ரௌவ்வில் வீடுகளின் நிலவறைகளில் கிடக்கின்றன. பெரியவர் போனதும் வீடு துப்புரவாக்கும் சனிக்கிழமையில் அவை குப்பைப் பைக்குள் போகும். பிள்ளைகளில் பிழையில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எவரும் எழுதிக்காட்டவில்லை.

இந்த வேலையைச் செய்யும் சஞ்சிகையை மூத்தவர்கள் விரும்புவார்களா? விரும்புவார்கள் என்றே சொல்வேன், சில நிபந்தனைகளோடு. 'முதியோர் சிறப்பிதழ்' என்று அட்டையில் போட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். எண்பது வயதுக்காரரும் முதியவர் என்று மற்றவரைத்தான் சொல்வார். எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும், பேச்சுச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கக்கூடாது. 'அந்தக் காலம் பொற்காலம்' என்ற பெருமூச்சு ஒரு பக்கத்துக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு இதழிலும் ஒருவருடைய கசெற்றுப் பெட்டியைத் திறந்து, பாட்டுப் பாட்டாக, பெயர், ஊர், ஆண்டு எழுதவேண்டும். பிழை திருத்தும் வாசகர் கடிதங்களுக்குத் தாராளமாக இடம் வேண்டும். எங்கள் பெரியவர்களுக்குப் பிழை பிடிப்பதைவிடப் பெரிய இன்பம் இல்லை. அவர்களின் பெயரும் ஊரும் அச்சில் வரவேண்டும், நேயர் விருப்பத்தில் வந்ததுபோல. புதிய பாடகரையும் அவர்கள் கையில் கொடுத்து அபிப்பிராயம் கேட்கவேண்டும்.

அது இலவசமாகவும் வரக்கூடாது. இங்கே கடை வாசலில் அடுக்கிக் கிடக்கும் இலவச ஏடுகள் வீடு விற்பவரதும் சட்டத்தரணியதும் விளம்பரத்தில் வாழ்கின்றன. இசைநிகழ்ச்சி நடத்துபவரும் அங்கே விளம்பரதாரர். ஆயிரம் பேரை இருத்தி, ஒலிபெருக்கி காதைப் பிளக்க, இரண்டு மணி நேரம் பிந்தித் தொடங்கிய ஒரு நிகழ்ச்சி மறுவாரம் 'வெகு விமரிசையாக நடந்தேறியது' என்றே அச்சாகும். அங்கே விமர்சனம் முளைக்காது. மகனும் மகளும் காசு கொடுத்து, பெற்றோர் பெயருக்குச் சந்தா கட்டவேண்டும். காசு வைத்திருப்பவர் செய்யக்கூடியது அது. நினைவு வைத்திருப்பவர் தன் பங்கைத் தருவார். அதற்கு இன்னும் சில ஆண்டுகளே தவணை உண்டு. அவர்கள் இதை விரும்புவார்களா என்று வாசகர் கணக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் யாராவது மேல் அறைக் கதவைத் தட்டி, ஒரு கசெற்றைக் காட்டி, இது யார் வாசித்தது என்று கேட்கட்டும்.