ஊர் முழுவதற்கும் ஒரே மருந்து: டிரக்கோமா ஒழிப்பின் நிறையும் குறையும்

டிரக்கோமா என்பது 'கிளமிடியா டிரக்கோமாடிஸ்' என்னும் பாக்டீரியாவால் வரும் கண் தொற்று. நோயுற்ற குழந்தையின் மேல் இமையைத் திருப்பினால் உட்புறத்தில் ஜவ்வரிசி போன்ற மணிகள் தெரியும். தொற்று பலமுறை திரும்பினால் இமை தழும்பேறி உள்மடங்க, இமைமுடிகள் கருவிழியை உரசிப் பார்வையைப் பறிக்கும். விரல், துணி, ஈ ஆகியவற்றின் வழியே இது பரவுவதாலும், அறிகுறியில்லாதவரிடமும் கிருமி தங்குவதாலும், நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அவருக்கு வீட்டாரிடமிருந்தே தொற்று திரும்ப வரும்.

1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 10 சதவீதத்தினருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இம்மணிகள் காணப்படும் பகுதியில், ஆண்டுக்கு ஒருமுறை அனைவருக்கும் அசித்ரோமைசின் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதற்கு இதுவே அடிப்படை. குழந்தையை அளவு குறித்த கோலருகே நிறுத்தி, உயரத்தைக் கொண்டே மருந்தளவைக் கணித்துக் கண்முன்னே விழுங்கச் செய்யலாம் என்பதால், மருத்துவர் இல்லாத ஊரிலும் இம்முறை நடைபெறும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு டெட்ராசைக்ளின் கண் களிம்பு உண்டு.

இதன் வலிமையையும் எல்லையையும் கார் நிக்கோபார் தீவு ஒருசேரக் காட்டுகிறது. அங்கு 2010-இல் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருந்த நோய், மூன்று ஆண்டுச் சுற்று மருந்துக்குப் பின் 6.8 சதவீதமாகக் குறைந்தது. எனினும் ஒழிப்புக்குரிய 5 சதவீத வரம்பை அது அப்போது எட்டவில்லை. எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியிலோ பல ஆண்டு மருந்துக்குப் பின்னும் நோய் நீடிக்கிறது. நலமானவர்களுக்கும் திரும்பத் திரும்ப மருந்து கொடுப்பதால், நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா போன்ற வேறு கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறும் ஆபத்தும் இருக்கிறது.

மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, அது பரவும் சூழலை மாற்றாது. அறுவை சிகிச்சை, மருந்து, முகத்தூய்மை, சுற்றுப்புற மேம்பாடு ஆகிய நான்கையும் ஒரே திட்டமாக வகுத்ததன் நோக்கம் இதுவே. கண்மாயையும் மழையையும் நம்பியிருக்கும் எம்.ரெட்டியபட்டி போன்ற அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஊர்களில், குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சும் தண்ணீரில்தான் குழந்தையின் முகம் கழுவப்பட வேண்டும் என்பதை அறிந்தோர்க்கு, இந்நான்கில் முகத்தூய்மை வெறும் அறிவுரையால் கைகூடாது என்பது விளங்கும்.

1963-இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய இந்தியா, பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவில் டிரக்கோமாவை ஒழித்ததற்கான சான்றிதழை 2024 அக்டோபரில் பெற்றது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஊர் முழுவதற்கும் தரும் மருந்து நோயை விரைந்து தணிக்கும் சிறந்த கருவியே. ஆனால் அது தரும் அவகாசத்துக்குள் தண்ணீரும் கழிப்பறையும் ஊரைச் சேராவிட்டால், மருந்தைக் கொண்டு மட்டும் பெற்ற வெற்றி நிலைக்காது.