மூன்றிலக்க நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். திருவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்திற்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டியிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஒருவரை ‘நாணயஸ்தர்’ என்று நாலுபேர் சொல்லிவிட்டால், மளிகைக் கடையில் பற்றெழுத அது போதும். பால்கோவா கிண்டுபவருக்குப் பாலைக் கடனாக ஊற்றவும் அது போதும். தறிக்காரருக்கு நூலை முன்கூட்டிக் கொடுக்கவும் பெரும்பாலும் அது போதும். அதே மனிதர் வீடு கட்டவோ தறி வாங்கவோ வங்கியின் படியேறினால், ஊரும் தெருவும் அறிந்த அந்தச் சொல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே கேட்கப்படுவது மூன்று இலக்கங்கள் கொண்ட ஓர் எண். இரத்த அழுத்தத்தைச் சொல்வதுபோல் நம் மக்கள் அதனைச் ‘சிபில்’ என்று வெகு இயல்பாகச் சொல்லப் பழகிவிட்டனர்.

இந்த எண்ணை உயர்த்திக்கொள்வது எப்படி என்று வழிகாட்டும் எழுத்துகள் மலிந்துவிட்டன. அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்கும் எழுத்துகளோ அரிது. அக்கேள்வியையே இங்கு நாம் எழுப்ப விரும்புகிறோம்.

‘சிபில்’ எனப்படும் கடன் தகவல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005இல் வந்தது. இன்று ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நான்கு நிறுவனங்கள் இப்பணியில் உள்ளன. மதிப்பெண் 300இல் தொடங்கி 900இல் முடிகிறது. 750ஐத் தாண்டினால் வங்கிகள் முகமலர்கின்றன. அவ்வளவு உயர என்ன வேண்டும்? தவணை நாள் தவறக்கூடாது. கடன் அட்டையின் வரம்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குமேல் தொடாதிருப்பது நல்லது. பழைய கணக்குகளை மூடிவிடக் கூடாது. ஈடுள்ள கடனும் ஈடில்லாக் கடனும் கலந்திருக்க வேண்டும். ஒரே காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டு அலையக்கூடாது. இவற்றுள் முதலாவது ஒன்றே நம் முன்னோர் நாணயம் என்று அழைத்ததோடு ஒத்துப்போகிறது. இம்முறையின் தாயகமான அமெரிக்காவில் வழங்கும் ஃபைக்கோ மதிப்பெண்ணில், ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியதற்கு உரிய பங்கு 35 விழுக்காடு என அதனைக் கணிப்பவர்களே கூறுகின்றனர். எஞ்சியவை கடனின் அளவு, வயது, வகை, புதுமை ஆகியவற்றைச் சார்ந்தவை. இந்திய நிறுவனங்களின் கணக்கு சற்று வேறுபடலாம், போக்கு ஒன்றே. கடனை முழுதும் அடைத்துவிட்டு ‘இனி எவரிடமும் கைநீட்டேன்’ என்று நிம்மதியடைபவரை இந்தக் கணக்கு பாராட்டுவதில்லை. ஓயாமல் கடன் வாங்கி ஓயாமல் செலுத்துபவரையே அது விரும்புகிறது. ஆகவே இவ்வெண் அளப்பது, கொடுப்பவருக்கு ஒருவர் எவ்வளவு ஆபத்தற்ற வாடிக்கையாளர் என்பதை மட்டுமே. வணிகருக்கு அப்படியோர் அளவை தேவைதான். அதனை நேர்மைக்குரிய சான்றிதழாகக் கொள்ளும்போதே இடர் தொடங்குகிறது.

எனினும் நியாயம் பேசுவோர் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எண்ணுக்கு முன்பு இருந்தது பொற்காலமன்று. நாலுபேர் சொல்லும் நற்சொல் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைக் குலமும் தெருவும் தீர்மானித்த காலம் அது. 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை, முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகள் சிலவற்றை வங்கிகள் கடன் வழங்கத் தகாத வட்டாரங்களாக ஒதுக்கி வைத்திருந்ததைப் பதிவு செய்தது. முகவரியைக் கண்டதுமே விண்ணப்பம் ஒதுக்கப்பட்ட நிலையோடு ஒப்பிட்டால், பெயரையும் தெருவையும் பாராமல் ஒருவரது சொந்த நடத்தையை மட்டும் நோக்குவதாகக் கூறும் எண் ஒரு முன்னேற்றமே. அமெரிக்காவிலும் 1899இல் தோன்றி இன்று ஈக்விஃபாக்ஸ் என்று பெயர்பெற்றுள்ள நிறுவனம், தொடக்க காலத்தில் மக்களின் குடும்ப ஒழுக்கம், குடிப்பழக்கம் பற்றிய வம்புச் செய்திகளையெல்லாம் திரட்டி விற்றது. அங்கு 1970இல் சட்டம் தலையிட நேர்ந்ததற்கு இத்தகைய கோப்புகளே காரணம். வம்புக்கு எண் மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த எண்ணை எழுதும் கை யாருடையது? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை வாசகர்கள் அறிவர். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. எழுதுவதை அது வெறும் ஆலோசனையாகச் சொல்லி விட்டுவிடவில்லை. எழுதுபவர், சாட்சிகள், தவணை என ஒவ்வொன்றையும் வகுத்துரைக்கிறது. அதில் பலரும் கடந்துசென்றுவிடும் நுட்பம் ஒன்றுண்டு. வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவரே. அவர் இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லவேண்டும். இருதரப்பையும் சாராத எழுத்தர் எழுத வேண்டும். வலுவற்றவரின் நாவிலிருந்து ஆவணம் பிறக்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாட்டைக் கடன் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே சொல்பவர் கடன் கொடுத்தவர், எழுதுபவர் அவரிடமே கட்டணம் பெறும் நிறுவனம், சாட்சி எவருமில்லை. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைக் கடன்பட்டவர் பெரும்பாலும் அடுத்த கடன் மறுக்கப்படும் நாளில்தான் அறிகிறார். கட்டி முடித்த கடன் நிலுவையாகவே நின்றிருக்கலாம். பெயரொற்றுமையால் வேறொருவரின் கடன் ஏறியிருக்கலாம்.

இக்குறையை ரிசர்வ் வங்கியும் அறிந்தே இருக்கிறது. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும். திருத்தம் கோரி 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற ஆணை 2023 அக்டோபரில் பிறந்தது. தவணை தவறியதாகத் தகவல் அனுப்பும்போது கடன்பட்டவருக்கும் அதை அறிவிக்கவேண்டும் என்பதும் அப்போதே வகுக்கப்பட்டது. இவை நல்லவை. ராஜபாளையத்து நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டு குழுக்கடன் வாங்கிய ஒரு பெண்ணுக்கு இவற்றுள் எத்தனை தெரியும் என்பது வேறு செய்தி. குழுக்கடனும் இந்த அறிக்கையில் ஏறுகிறது என்பதே அவருக்குச் சொல்லப்பட்டிருக்குமோ என்னவோ!

எழுதும் கையைப்போலவே எழுதப்படும் சொல்லும் ஆராயத்தக்கது. இன்னலுற்ற ஒருவரிடம் வங்கி பேசி, ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்துவிட்டால், அறிக்கையில் ‘முடிந்தது’ என்று வராது. ‘செட்டில்டு’ என்று வரும். அச்சொல் ஆண்டுக்கணக்கில் தங்கி, அடுத்த வங்கியை எச்சரித்துக்கொண்டேயிருக்கும். சட்டப்படி ஏழாண்டுகளுக்குக் குறையாமல் இத்தகவல்கள் பேணப்படுகின்றன. மேற்சொன்ன வசனத்திற்கு இரண்டு வசனங்கள் முன்னதாக அல்குர்ஆன், சிரமத்திலிருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச்சொல்கிறது. விட்டுக்கொடுத்துவிடுவதை இன்னும் மேலானதென்கிறது. அங்கே தள்ளுபடி, கொடுத்தவரின் ஏட்டில் நன்மையாக எழுதப்படுகிறது. இங்கே அதே தள்ளுபடி, பெற்றவரின் ஏட்டில் கறையாக எழுதப்படுகிறது.

இதனைக் கொண்டு இஸ்லாம் கடனை இலேசாக எடுத்துக்கொள்கிறது என்று எவரும் கருதிவிட வேண்டாம். மூன்று தீனார் கடனை விட்டுச்சென்ற ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) முன்வராததும், அபூகத்தாதா (ரலி) அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் புகாரியில் பதிவானவை. அதே நபிமொழித் தொகுப்பு, வசதியிருந்தும் இழுத்தடிப்பவரின் செயலை அநீதி என்கிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனில் மூழ்கியோரும் இடம்பெறுவர். அதாவது முடிந்தும் தராதவர் ஓரிடத்திலும், முடியாமல் தவிப்பவர் வேறோரிடத்திலும் நிறுத்தப்படுகின்றனர். மூன்று இலக்கங்களுக்கு இவ்வேறுபாடு தெரியாது. மருத்துவமனைச் செலவால் தவறிய தவணையும் ஊதாரித்தனத்தால் தவறிய தவணையும் அங்கே ஒரே எண்ணாகவே குறைகின்றன.

மனிதரைத் தரம்பிரிப்பது நமக்கு அந்நியமன்று. நபிமொழி அறிவிப்பாளர்களின் நம்பகத்தன்மையை ஆராய ஒரு கலையையே வளர்த்தவர்கள் நம் அறிஞர்கள். இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ தம் ‘தக்ரீபுத் தஹ்தீப்’ நூலில் அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு படித்தரங்களில் அடுக்கினார். ஆனால் அக்கலையில் ஒருவரைக் குறைகூறுபவர் காரணத்தை விளக்கியாக வேண்டும் என்பது பெரும்பாலோர் ஏற்ற விதி. நினைவாற்றல் குன்றியவரையும் பொய்யரையும் அவர்கள் ஒரே சொல்லால் சுட்டவில்லை. எண் எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதோ நிறுவனத்தின் வணிக இரகசியம்.

இந்த எண் கடன் வாசலோடு நின்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். கடன் வரலாறு சரியில்லை என்பதற்காக ஒருவரின் பணி நியமனத்தை பாரத ஸ்டேட் வங்கி இரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பணத்தைக் கையாளும் பணி என்ற வாதத்தில் பொருளுண்டு. ஆயினும் வேலை கிடைத்தால் கடனை அடைத்துவிடக்கூடியவர் கடனின் பேரால் வேலையை இழக்கும் சுழல் நம்மைக் கலங்கச் செய்கிறது.

நம் வாசகர்களை நேரடியாகத் தொடும் இடம் இன்னொன்று உண்டு. வட்டிக்கு அஞ்சி வாழ்நாளெல்லாம் ரொக்கத்தில் வணிகம் செய்தவருக்கு மதிப்பெண்ணே இராது. ‘வரலாறு இல்லை’ என்று வரும். கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதன்முறை விண்ணப்பிப்போரை வங்கிகள் திருப்பியனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியிருப்பதை 2025 ஆகஸ்டில் ஒன்றிய நிதித்துறை இணையமைச்சர் மக்களவையில் எடுத்துரைத்தார். நடைமுறையில் மேலாளர்கள் கூறும் பரிகாரம் ஒன்றே: கடன் அட்டை ஒன்றை வாங்கி, கெடுவுக்குள் முழுதும் கட்டிவாருங்கள். ஆனால் வட்டி நிபந்தனையைக் கொண்ட ஈடில்லாக் கடன் அட்டையை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணத்தோடும்கூட ஏற்கலாகாது என்று 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் முடிவு செய்தது. நெருக்கடி கருதி இசைவளிக்கும் ஆலிம்களும் உளர். அவ்விவாதத்தை உரியவர்களுக்கே விடுகிறோம். வட்டியில்லா வங்கிமுறை இந்தியாவில் வேண்டாம் என்று 2017இல் ரிசர்வ் வங்கி கைவிட்டபின், பேணுதலுடையவருக்கு வரலாறு படைத்துக்கொள்ளும் வேறு வழியும் எளிதாக இல்லை.

நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால்கள் நகையின் பேரிலும் ஜாமீனின் பேரிலும் வட்டியில்லாக் கடன் வழங்கிவருகின்றன. ஒழுங்காகத் திருப்பித் தந்தவர்களின் பெயர்கள் அவற்றின் ஏடுகளில் உள்ளன. எந்த நிறுவனமும் அவற்றைப் பார்ப்பதில்லை. அந்த ஏடுகளையும் கடன் தகவல் நிறுவனங்களிடம் சேர்ப்பித்தால் நம்மவர்க்கும் மதிப்பெண் கிடைக்குமே என்று சிலர் கூறிவருகின்றனர். நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைதான். ஆனால் அந்த ஏடுகளில், கணவரை இழந்த பெண்ணுக்கும் கடை எரிந்துபோன வணிகருக்கும் விட்டுக்கொடுத்த தொகைகளும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை எந்தச் சொல்லால் பதிவு செய்வார்கள் என்று யோசனை கூறுவோர் முதலில் விசாரித்துச் சொல்லட்டும்.