உஷ்ணமும் உரசலும்

சென்னைக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையும் வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குச் செல்லும் வெளிவட்டச் சாலையும் ஒன்றையொன்று கடக்கிற நசரத்பேட்டையில், சித்திரை வைகாசி மாதங்களில் நண்பகலுக்குமேல் குழாயைத் திறக்கிறவர் முதலில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்; மொட்டை மாடியில் நாளெல்லாம் வெயில் காய்ந்த கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து நீர் அத்தனை சூடாக இறங்குகிறது. இத்தகைய சீதோஷ்ணமுள்ள பிரதேசத்தில் வாழ்கிற நமக்கு, ஈரம் பட்ட மாத்திரத்தில் தானே சூடேறிச் சருமத்தின் அழுக்கையும் உயிரற்ற மேற்படலத்தையும் அகற்றிவிடும் என்று விளம்பரம் செய்யப்படும் ‘செல்ஃப் ஹீட்டிங் ஸ்க்ரப்’ என்ற பசை எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வியே. குளிர்தேசத்துப் பனிக்காலக் குளியலறையை மனத்தில் கொண்டு செய்த பண்டம் அது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் வேடிக்கை என்று சிரித்து ஒதுக்கிவிடுவதைவிட, அதன் சாஸ்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்து, நம் வீட்டு நலங்கு மாவோடு ஒப்புநோக்கி, குணம் எது குற்றம் எது என்று தெளிவது பிரயோஜனமுள்ள காரியம். என் அபிப்பிராயத்தை ஒளிப்பானேன்? இந்தப் பசைகள் பலவற்றின் உஷ்ணம் மெய்யானதுதான். ஆனால் அந்த உஷ்ணத்தால் சருமம் அடையும் லாபம் சொற்பம். பசையால் விளையும் கேடு பெரும்பாலும் நம் கையின் உரசலிலிருந்து வருவது.

சூடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறியப் பரிசோதனைச்சாலைக்குப் போக வேண்டியதில்லை. சலவைத் தூளை ஈர உள்ளங்கையில் கொஞ்சம் குவித்து விரல்களை மூடிக்கொண்டால், சில விநாடிகளில் கைக்குள் ஒரு கணகணப்புத் தெரியும். அத்தூளிலுள்ள நீரற்ற சோடா உப்பு நீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்போது வெளிவிடுகிற வெப்பம் அது. சுட்ட சுண்ணாம்புக்கல் நீர் பட்டுக் கொதித்து நீறுவதும் இந்த இனத்தைச் சேர்ந்த நிகழ்ச்சியே. 1756-இல் ஸ்வீடன் தேசத்துக் கனிமவியலறிஞர் குரோன்ஸ்டெட், ஒருவகைக் கல்லைச் சூடாக்கியபோது அது நுரைத்து ஆவி கக்குவதைக் கண்டார். சியோலைட் என்ற அக்கனிமத்தின் நுண்ணிய துளைகளுக்குள் ஒளிந்திருந்த நீரே அவ்வாறு வெளிப்பட்டது. அந்நிகழ்ச்சியைத் தலைகீழாக்கி, நீரை முற்றும் போக்கி உலர்த்திய சியோலைட்டின்மேல் மறுபடி நீரை விட்டால், துளைகள் நீரை உறிஞ்சும் வேகத்தில் உஷ்ணம் வெளிப்படும். தானே சூடேறும் பசைகள் பலவற்றின் சூட்சுமம் இவ்வளவுதான். சிலவற்றில் சியோலைட்டுக்குப் பதிலாக நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டோ கால்சியம் குளோரைடோ இருக்கும். எல்லாவற்றையும் குழைத்துத் தாங்குகிற கிளிசரினும் பாலிஎத்திலீன் கிளைகாலும் நீரோடு கலக்கும்போது தம் பங்குக்கு ஒரு சிறு வெதுவெதுப்பைத் தருகின்றன.

இந்த உஷ்ணத்தின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வேளைக்கு எடுக்கும் பசை 20 கிராம் என்றும், அதில் நாலில் ஒரு பங்காகிய 5 கிராம் நீரற்ற கால்சியம் குளோரைடு என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அவ்வுப்பு கரைகையில் கிராமுக்கு ஏறக்குறைய 700 ஜூல் வெப்பம் பிறக்கும். ஆகமொத்தம் 3,500 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4,200 ஜூல் வேண்டும். அதாவது, இத்தனை ஆரவாரத்தோடு பிறக்கும் சூடு முழுவதையும் சேர்த்தாலும் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரு டிகிரிகூட ஏற்ற முடியாது! பசை மெல்லிய பூச்சாகப் பரவியிருப்பதனாலும், அதனோடு கலக்கும் நீர் கொஞ்சமே ஆதலாலும், தோலின்மேல் மட்டும் அது நன்றாக உறைக்கிறது. பிறகு சருமத்தின் அடியில் ஓடும் இரத்தம் அவ்வெப்பத்தை வாரிக்கொண்டு போக, மேலே ஊற்றும் நீர் மிச்சத்தைக் கழுவிவிட, அதன் ஆயுள் சொற்ப நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு வகை உண்டு. அதில் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால் ஒரு டிகிரி ஏற்றமும் தெரியாது. மிளகாயின் காரச்சத்தோ, வானிலில் பியூட்டைல் ஈதர் போன்ற செயற்கைப் பொருளோ அதில் கலந்திருக்கும். ஏறக்குறைய 43 டிகிரி சூட்டுக்குத் திறந்துகொள்ளும் ஒரு வாயில் நம் நரம்பு நுனிகளில் இருக்கிறது என்பதையும், மிளகாய்க் காரம் அதே வாயிலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது என்பதையும் 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் நிலைநாட்டினார்கள். 2021-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அந்த ஆராய்ச்சியே அஸ்திவாரம். நரம்பை ஏமாற்றுகிற இந்தச் சூட்டை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். தலைவலித் தைலத்தையும் மிளகு ரசத்தையும் கொண்டாடுகிற நமக்கு அப்படிச் சொல்ல உரிமையில்லை. ஆனால் எரிச்சலுக்கும் இதமான உணர்ச்சிக்கும் நடுவே உள்ள வரம்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும், மெல்லிய சருமமுள்ளவர்களுக்கு அது வெகு சீக்கிரம் மீறப்படும் என்பதையும் வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

இனி, இந்த உஷ்ணம் தோலை உரித்தெடுக்கும் காரியத்துக்கு எவ்வளவு துணைசெய்கிறது என்று பார்ப்போம். உயிரற்ற மேற்படலம் என்று நாம் இகழும் பகுதி, பதினைந்து இருபது அடுக்குகளாகத் தட்டையான செல்கள் அமைந்து, இடையிடையே கொழுப்புப் பூசி, ஓடு வேய்ந்த கூரைபோல் உடம்பை மூடியிருக்கிறது. அதன் கனம் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று முதல் இரண்டு பங்குதான். தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியேயிருக்கும் கிருமியும் நஞ்சும் உள்ளே நுழையாமலும் காப்பது அதுதான். உரிய காலம் வந்ததும் செல்களைப் பிணைக்கும் கண்ணிகளைச் சருமத்திலுள்ள நொதிகளே அறுத்துவிட, அவை கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. அடியில் புதிய செல்கள் பிறந்து மேலே வந்துசேர ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. இந்த உதிர்வுக்கு முக்கியமாக வேண்டியது ஈரம். சூடு கொழுப்பைச் சிறிது இளக்கும் என்பது உண்மையே. ஆனால் சொற்ப நேர வெதுவெதுப்புக்கு அங்கே பெரிதாக எதையும் சாதிக்க அவகாசமில்லை. சூட்டினால் மயிர்க்கால்கள் கதவுபோல் திறந்துகொள்ளும் என்று அழகு நிலையங்களில் சொல்கிறார்கள். அவற்றைத் திறக்கவும் மூடவும் தசை ஏதும் கிடையாது.

அப்படியானால் இதைத் தேய்த்துக்கொண்டவர்கள் தோல் மெத்தென்று ஆகிவிட்டது என்று சொல்வது வெறும் பிரமையோ என்றால், இல்லை. அந்த மென்மையைத் தருவது பெரும்பாலும் கிளிசரின். ஈரத்தைப் பிடித்துவைத்துச் செல்களின் இயற்கையான உதிர்வுக்கு அது உதவுகிறது. வேடிக்கை என்னவென்றால், சூடு பிறக்க வேண்டும் என்பதற்காகவே பசையில் ஒரு துளி நீரும் இல்லாதபடி செய்கிறார்கள். அந்த நிர்ப்பந்தத்தினால்தான் கிளிசரின் அவ்வளவு தாராளமாக அதில் இடம்பெறுகிறது. நீரில்லாத இடத்தில் கிருமி பெருகாது. ஆகவே கெடாமல் வைக்கும் இரசாயனங்களை அதிகம் கொட்ட வேண்டியதில்லை. உரசுவதற்குச் சேர்க்கும் சர்க்கரையும் உப்பும் பசைக்குழாய்க்குள்ளேயே கரைந்து போகாமல் பரலாக நிற்கின்றன. தோலில் நீர் பட்டபின்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, எல்லை கடந்து தேய்ப்பதைத் தாமே ஓரளவு தடுக்கின்றன. இவை மெய்யான சிறப்புகள். விளம்பரத்திலோ இவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நம் ஊரில் இந்தச் சிறப்புக்கும் ஓர் இடையூறு காத்திருக்கிறது. ஈரக் கையால் பசைக்குழாயைத் திறந்து, மூடியை ஒழுங்காகத் திருகாமல் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டு வருவது பலருடைய வழக்கம். கடற்காற்றின் ஈரமும் குளியலறையின் ஆவியும் அதனுள்ளே புகுந்துவிட்டால், சியோலைட்டு தன் தாகத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ளும். பிறகு உடம்பில் பூசும்போது எரிந்து அவிந்த அடுப்பு. ஐப்பசி மழைக்காலத்தில் வாங்கியதைத் தை மாதம் வரை வைத்திருந்து, கம்பெனிக்காரனைத் திட்டுவதில் நியாயமில்லை.

பெரிய குற்றம் உரசலைச் சார்ந்தது. நசரத்பேட்டைப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிய வீடுகள் அநேகம். அந்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திரையாகத் தோலில் படிகின்றன. அதைத் தடவிப் பார்த்து அழுக்குப் போகவில்லை என்று எண்ணுகிறவர், நைலான் வலையையோ பீர்க்கங்கூட்டையோ எடுத்து இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். நம் போன்ற மாநிறச் சருமத்துக்கு ஒரு சுபாவம் உண்டு: எங்கே அது புண்பட்டாலும், வீக்கம் வடிந்தபின் அங்கே கருமை தங்கிவிடும். கழுத்தெலும்பின்மேலும், முதுகின் மேற்பகுதியிலும், முன்கையிலும், முழந்தாளுக்குக் கீழேயும், அதாவது தேய்க்கும் கை எலும்போடு அழுத்துகிற இடங்களில், சாம்பல் கலந்த கபில நிறத்தில், சில சமயம் மணலில் காற்று வரைந்த கோடுகள்போல் வரிவரியாக ஒரு கருமை படர்வதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். பல வருஷங்களாக விடாமல் தேய்த்து வந்ததை அதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கருதுகிறார்கள். ஜப்பானில் நைலான் துவாலையால் முதுகு தேய்த்தவர்களிடமும் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதியிருக்கிறார்கள். கருமையைப் போக்கவென்று தேய்க்கிறார்கள், தேய்ப்பதனால் கறுக்கிறது, கறுத்ததைக் கண்டு மறுபடி தேய்க்கிறார்கள். இந்த விஷச் சுழலுக்குள் தானே சூடேறும் பசை வந்து சேரும்போது, சூட்டின் சுகத்தில் கை நெடுநேரம் ஓடுகிறது. ஏதோ ஆழமாக வேலை நடக்கிறது என்ற நம்பிக்கையும் கூடவே பிறக்கிறது. வேர்க்குரு உள்ள உடம்பில் இதைத் தேய்ப்பது அறிவீனம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பழைய முறையை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள், உலர்ந்த ரோஜா, ஆவாரம்பூ என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வெயிலில் சுக்காகக் காயவைத்து, மில்லில் கொடுத்து நலங்கு மாவாக அரைத்து வருவார்கள். சூடு வேண்டுமென்றால் அது மாவில் இராது. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயிலும் அண்டா வெந்நீரிலும் இருக்கும். எண்ணெய் முதலில் உடம்பில் படிந்து கைக்கும் தோலுக்கும் நடுவே வழவழப்பாக நிற்பதால், பிறகு வரும் மாவின் உரசல் தணிந்துபோகிறது. மாவும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு இறங்கிவிடுகிறது. இதைவிட மேலான ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்று கிழமை வைத்துவிட்டபடியால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேய்ப்பு நடப்பதில்லை. அலமாரியில் எந்நேரமும் கைக்கெட்டும் பசைக்குழாய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று மயங்குவதும் தகாது. நலங்கு மாவில் பலர் கார்போக அரிசியையும் சேர்க்கிறார்கள். வெண்புள்ளிக்கு மருந்தாகும் அந்த விதையிலுள்ள சோராலென் என்ற சத்து, தோலில் தங்கியபடி வெயிலில் போனால் சூரியனின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைக் கன்றிப்போகச் செய்து கருமையையும் உண்டாக்கவல்லது. சித்த வைத்தியர் அளவறிந்து கொடுக்க வேண்டிய சரக்கை, நிறம் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் மாவோடு மாவாக அரைப்பது விபரீதம். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்கு விற்கப்படுவதும் உண்டு. பச்சிளங் குழந்தையின் உடம்பு ரோமம் உதிர வேண்டும் என்று கடலை மாவை அழுத்தித் தேய்த்து, அதன் மெல்லிய தோலைச் சிவக்க வைக்கும் பாட்டிமார்களிடம் சண்டை போடுவதற்கு எனக்குத் தயக்கமே கிடையாது. அந்த ரோமம் சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும்.

உரசலுக்காகப் பிளாஸ்டிக் மணிகள் சேர்த்த பசைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2015-இல் அமெரிக்கா அவற்றைத் தடுக்கச் சட்டம் செய்தது. 2017-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அழகுசாதனங்களுக்குப் பாதுகாப்பற்றவை என்று வகைப்படுத்தியது. நசரத்பேட்டைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரியின் நீரைச் சென்னை நகரம் குடித்துக்கொண்டிருக்கையில், சாக்கடை வழியே பிளாஸ்டிக்கை அனுப்பும் எந்தப் பொருளுக்கும் நம் வீட்டில் இடம் கொடுக்கலாகாது.

ஆசைப்பட்டு இந்தப் பசையை வாங்குகிறவர்கள், சேர்மானப் பட்டியலைப் பார்க்கட்டும். அதை உறையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு அழகுசாதன விதி. கிளிசரின் முதலில் வந்து, சியோலைட்டு அல்லது சோடியம் சிலிகோஅலுமினேட் என்ற பெயர் பின்னால் தென்பட்டால் மெய்யான சூடு. கேப்சிகம் என்று இருந்தால் நரம்பின் மயக்கு. சர்க்கரைப் பரல் உள்ளதைத் தேர்ந்து, விரல் நுனியால், வாரத்துக்கு ஒருமுறை, ஓரிரு நிமிஷம் தடவிக் கழுவினால் தீங்கொன்றும் வராது. மார்கழிக் காலையில் சுகமாகவும் இருக்கும். அந்தச் சுகத்துக்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். முதுகிலோ முன்கையிலோ வரிவரியாகக் கருமை தென்படுகிறவர்கள் பசை, மாவு, பீர்க்கங்கூடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பதே முறை. நசரத்பேட்டையிலிருந்து கிழக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அந்தச் சாலையின்மேலேயே இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவு உண்டு.