படத்தின் ஓரத்தில் ஒரு கை

பிறர் எடுத்த புகைப்படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் நம்மிடையே இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, 'பிரமாதம்' என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. மற்றது, விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை அளப்பது: அடிவானம் நடுவில் வந்துவிட்டது, வெளிச்சம் கூடிவிட்டது, ஓரத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது, வெட்டிவிடு. முதலாமவர் படத்தைப் பார்க்கவில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாமவரும் பார்க்கவில்லை என்பதுதான் என் கட்சி.

இலக்கியத்தில் இந்தப் பிரச்னையை நாம் முன்பே சந்தித்தாயிற்று. க.நா.சு. ரசனையை நம்பினார், தேர்ந்தவற்றைப் பட்டியல் போட்டார். 1959ல் 'எழுத்து'வை ஆரம்பித்த சி.சு. செல்லப்பா, படைப்பை அலசிக் காட்ட வேண்டும் என்றார். யார் சரி என்பது இங்கே விஷயமில்லை. இருவருமே எதிரில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பேசினார்கள். புகைப்படம் என்று வந்தால் அந்தக் குறைந்தபட்சப் பழக்கம்கூட நம்மிடம் இல்லை. கவிதையில் ஒரு சொல்லுக்காக விடிய விடியச் சண்டை போடும் நண்பர்கள், அதே இதழின் அட்டைப்படத்தை ஒரு தலையசைப்பில் தாண்டிவிடுகிறார்கள்.

பண்ருட்டியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 2004 டிசம்பர் 26ல் சுனாமி கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டு நாள் கழித்து, ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அர்க்கோ தத்தா கடலூரில் எடுத்த படம், அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசைப் பெற்றது. உறவினரைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி மணலில் விழுந்து கிடக்கிறாள். கைகள் விரிந்திருக்கின்றன, உள்ளங்கைகள் மேல் நோக்கியிருக்கின்றன. படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. உடல் சட்டகத்துக்கு வெளியே. கடல் படத்தில் இல்லை.

யார் எடுத்தது, என்ன பரிசு என்று சொல்லாமல் இந்தப் படத்தை விதிக்காரரிடம் கொடுத்தால் அவர் என்ன சொல்வார்? ஓரத்தில் அறுபட்ட ஒரு கை பார்வையை இழுக்கிறது, அதை வெட்டிவிடு என்பார். வெட்டிப் பார்க்கலாம். மிஞ்சுவது மணலில் அழும் ஒரு பெண்; அவள் எதற்காகவும் அழலாம். மாறாக, உடல் முழுவதையும் உள்ளே கொண்டுவந்தால் சாவு படத்தை எடுத்துக்கொண்டுவிடும், அவள் பக்கத்தில் இருப்பவளாகிவிடுவாள். அந்தக் கை அந்த அளவுக்கு மட்டும் தெரிவதால்தான் அவளுடைய விரிந்த கைகளுக்குப் பதில் சொல்லும் கையாக அது ஆகிறது. எடுத்தவர் அந்தக் கணத்தில் என்ன நினைத்தார் என்பது நமக்கு வேண்டியதில்லை. அது படத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி.

இன்று கேமரா சங்கங்களில் மந்திரம்போல் ஓதப்படும் மூன்றில் ஒரு பங்கு விதி, 1797ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் நாட்டுப்புறக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதியபோது சொன்னது. புகைப்படம் அப்போது பிறக்கவே இல்லை. விதி தவறு என்பதில்லை. விதியைச் சொல்வதற்குப் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை என்பதுதான் கோளாறு. இதைவிட, ஜான் ஸார்கோவ்ஸ்கி 1966ல் தம் புத்தகத்தில் பிரித்துக்காட்டிய ஐந்தும் பிரயோஜனமானவை: பொருள், விவரம், சட்டகம், காலம், நிற்கும் இடம். இவற்றை நான் கேள்விகளாகவே எடுத்துக்கொள்கிறேன். எதை உள்ளே விட்டாய்? எங்கே நின்றாய்? ஏன் அப்போது அழுத்தினாய்?

போபாலில் 1984ல் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியும் எடுத்தார்கள். ராயினுடையது கறுப்பு வெள்ளை, மற்றது வண்ணம். குழந்தை ஒன்றே, மண்ணும் ஒன்றே, படங்கள் இரண்டு. துக்கம் மட்டுமே படத்தை உண்டாக்கிவிடுமானால் இது எப்படி? இத்தகைய படங்களில் அமைப்பைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று சொல்பவர்களுக்கு இதுவே என் பதில். பேச மறுப்பதால் மோசமான படங்கள் பிறருடைய சாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. அந்த வாரத்தில் கடற்கரையில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அழுகை கிடைத்திருக்கும்.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்போது எடுத்த படம் ஒன்றை ஒரு நண்பர் என்னிடம் காட்டினார். விழுந்த பலாமரம் படத்தை நிறைத்துக்கொண்டிருக்கிறது. மூலையில், தூரத்தில், சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார். அவரை வெட்டிவிடும்படி பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். அவரை எடுத்துவிட்டால் மரம் எவ்வளவு பெரியது என்பது போய்விடும், அது யாருடையதாகவோ இருந்தது என்பதும் போய்விடும் என்றேன். குறையையும் சொன்னேன். கேமராவை நின்ற உயரத்திலேயே பிடித்திருந்ததால் பிடுங்கிக்கொண்ட வேர்கள் கிளைகளோடு கலந்து குழம்பிவிட்டன. குந்தி உட்கார்ந்து எடுத்திருந்தால் வேர் வானத்தில் தனியாக நின்றிருக்கும். நண்பர் இதை அடுத்த மரத்தில் செய்துபார்க்கலாம், என் பேச்சு தப்பு என்று நிரூபிக்கவும் செய்யலாம். 'ஜீவன் இல்லை', 'ஆழம் போதாது' என்பவற்றை வைத்து அவர் என்ன செய்வார்? உள்ளதை முதலில் விவரித்து, எது எங்கே வேலை செய்யவில்லை என்று காட்டி, செய்துபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லாத அபிப்பிராயம் விமர்சகனுடைய மனநிலைச் செய்தி மட்டுமே.

ஆனால் கவிதை விமர்சனத்தில் வராத ஒரு சங்கடம் இங்கே உண்டு. மணலில் கிடக்கும் அந்தப் பெண் உருவகம் அல்ல, எங்கள் மாவட்டத்துக்காரி. தத்தாவின் சட்டகத்தைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் அவளுடைய கையையும் அவள் இழந்தவரின் கையையும் பற்றியது. இதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் சொல்ல முடியுமா என்று பார்த்துக்கொள்ளலாம். 'கை சட்டகத்தின் ஓரத்தில் நிற்பதால் உன் இழப்பு தெரிகிறது' என்பதை என்னால் சொல்ல முடியும். 'அருமையான கம்போஸிஷன்' என்பதை முடியாது. 'வெட்டிவிடு' என்பதை நிச்சயமாக முடியாது.